வலி தெரியாத காலுக்குச் செருப்பு

மலாயாவின் ஈப்போவில் என் டயர் கடைக்கு வருகிற எந்த லாரிக்காரரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு டயரைக் கையால் தடவியே அது எத்தனை மைல் ஓடியது, சுமை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிவிடுகிற ஆள் அந்த ஊரில் நான் ஒருவன்தான். படிப்பு இரண்டாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் ஒரே கைலியோடு கப்பல் ஏறினேன். இன்றைக்கு மூன்று லாரி, டயருக்கு ரப்பர் ஒட்டுகிற பட்டறை, பன்னிரண்டு ஆட்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு என் கால் அளவு அறுபத்திரண்டு வயது வரைக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிய வைத்தது செங்கல்பட்டு. அதனால்தான் அந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஜமால் கேமரன் மலைப் பாதையில் லாரியோடு கவிழ்ந்து ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்தான். பிள்ளை கண் திறந்தால், நான் பிறந்த செங்கல்பட்டிலிருந்து கோவளம் தர்கா வரைக்கும் எந்தச் சக்கரத்திலும் ஏறாமல் நடந்து வந்து பாத்திஹா ஓதுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். சக்கரத்தால் சோறு தின்கிறவன் வேறு எதை விட்டுக்கொடுப்பது? ஏழாம் நாள் திறந்தான். இப்போது அதே மலைப் பாதையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நான் நடப்பது மட்டும் பாக்கி.

எனக்குச் சர்க்கரை வியாதி. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று ஈப்போ டாக்டர் என் மனைவியிடம் சத்தியம் வாங்காத குறை. அதனால் சிங்கப்பூரில் இங்கிலீஷ் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கினேன். நாங்கள் சப்பாத்து என்போம், செங்கல்பட்டில் பூட்ஸ் என்றால்தான் விளங்கும். கடைச் சீனன் எட்டாம் நம்பர் எடு என்றான். இருபத்தைந்து வருடமாக நான் ஏழாம் நம்பர். ஏழையே போட்டுப் பார்த்தேன், கால் உள்ளே போனது, ஒரு வலியும் இல்லை, வாங்கிவிட்டேன்.

செங்கல்பட்டில் என் தங்கை மரியம் வீட்டில் இறங்கினேன். மறுநாள் காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தாள். எங்கள் பக்கத்தில் பசியாறல் என்பதை இங்கே நாஸ்தா என்கிறார்கள். பெயர் எதுவானாலும் அந்தப் பாயாவுக்கு ஈடாக ஈப்போவில் ஒரு கடையும் கிடையாது. என் மச்சான் சுலைமான், மரியத்தின் புருஷன், கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கிறார். என் சப்பாத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூஞ்சி பாக்கலாம் போல கீதே மச்சான். இத்தப் போட்டுகினு நடக்கறதா, இல்ல கண்ணாடி அலமாரில வைக்கறதா?"

"நடந்து காட்டுகிறேன், பின்னால் வாரும்" என்றேன்.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு, வெயில் சற்றுத் தாழ்ந்ததும் கிளம்பினேன். முதல் நாள் திருக்கழுக்குன்றம், ஒன்பது மைல். சுலைமான் தண்ணீரும் டிபன் கேரியரும் கட்டிக்கொண்டு சைக்கிளில் கூடவே வந்தார். நான் வேகமாகத்தான் நடந்தேன். வலிக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். வலியாவது ஒன்றாவது என்றேன். உண்மையிலேயே வலிக்கவில்லை.

நாலு மைலில் ஒரு ஏரிக்கரை வந்தது. மாலை அஸர் தொழுகைக்கு ஒளு செய்து கால் கழுவலாம் என்று சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்து உரித்தால் சிவப்பு. இரண்டு சுண்டுவிரலும் தோல் உரிந்து, வலது குதிகாலில் அரை வெள்ளிக் காசு அளவுக்குச் சதை திறந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுலைமான் ரோட்டுக்கு ஓடினார். வந்த பஸ்ஸை நிறுத்தி என்னை ஏற்றினார். சக்கரத்தில் ஏறியாகிவிட்டது. நடந்த நாலு மைலும் கணக்கில் இல்லை.

கடைத்தெரு டாக்டர் காலைக் கழுவிக் கட்டினார். பிறகு, "பெரியவரே, கண்ண மூடிக்கங்க. பேனா முனையால உள்ளங்கால்ல தொடுவேன். தொடும்போதெல்லாம் சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். "எப்போது தொடப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பத்து தரம் தொட்டாச்சு" என்றார்.

கண்ணைத் திறந்தபோது நான் டாக்டரைப் பார்க்கவில்லை. சுலைமானின் முகத்தைத்தான் பார்த்தேன். மனுஷர் எனக்குக் கால் போய்விட்ட மாதிரியே நின்றார்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. இன்னொரு தடவை இப்படிப் புண் வந்தால் விரலை எடுக்க வேண்டி வரும், அதற்கு மேலும் போகலாம். நேர்ச்சையை விட்டுவிடுங்கள் என்றார். விடமாட்டேன் என்றேன். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "உணர்ச்சி இல்லாத காலுக்குச் செருப்பு தைக்கத் தெரிஞ்சவங்க இந்த ஜில்லாவுல ஒரே இடத்துலதான் இருக்காங்க" என்றார். ஊருக்கு வெளியே உள்ள தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறை அது.

வெளியே வந்ததும் சுலைமான் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆஸ்பத்திரி செருப்பா? வூட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு கீது மச்சான். நாலு பேரு பாத்தா இன்னா பேசுவாங்க?"

"அந்தச் செருப்போடு உம்ம வீட்டு வாசல் ஏற மாட்டேன், அதை உம்ம கடையில் போட்டு வையும்" என்றேன்.

புண் ஆறப் பதினாறு நாள் ஆனது. பதினேழாம் நாள் காலை பத்து மணிக்குப் பட்டறையில் போய் நின்றேன். பசை வாசனை, ரப்பர் வாசனை. எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அங்கே தலைமை ஆள் முனிரத்தினம். ஐம்பது வயது இருக்கும். வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி நின்றுவிட்டன, அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கிறார். நான் கையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"வியாதி போயி பன்னெண்டு வருசம் ஆச்சு பாய். வெரல் மட்டும் திரும்பி வரல."

சீட்டைப் படித்தார். "இப்ப அளவு எடுக்க மாட்டேன். சாயங்காலம் வாங்க. காலங்காத்தால காலு பொய் சொல்லும். நாளெல்லாம் நடந்து வீங்கினப்பறம் தான் நெசம் பேசும்."

என்னைத் திருப்பி அனுப்பிய ஆள் முப்பது வருடத்தில் இவர் ஒருவர்தான். கோபம் வந்தது. ஆனாலும் சாயங்காலம் போனேன்.

உட்கார விடவில்லை. தரையில் பழுப்புக் காகிதம் விரித்து, என் முழு எடையோடு நிற்க வைத்து, பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு காலாகச் சுற்றி வரைந்தார். வலது கால் இடதைவிடப் பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு என் சிங்கப்பூர் சப்பாத்தை அந்தப் படத்தின் மேல் வைத்தார். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குக் கால் வெளியே நின்றது.

"இது உங்க காலு. அது வேற எவனோ காலுக்கு வாங்கினது."

"இருபத்தைந்து வருடமாக ஏழாம் நம்பர்."

"யாரு அளந்தது?"

"கால் உள்ளே போனது."

"பூன கூட சொம்புக்குள்ள தலைய வுடும் பாய். வெளிய எடுக்கறது தான் பேஜாரு."

எனக்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. இருபது வயது வரை வெறுங்காலோடு நடந்தவன் நான். முன்பாதம் விசிறி மாதிரி விரிந்தது. அதைத் துரைமார் காலுக்குச் செய்த கூட்டில் திணித்து, இறுக்கமாக இருப்பதுதான் கனவான்களின் சப்பாத்து என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறேன்.

"வலிக்கிறதா என்று நீர் கேட்கவே இல்லையே" என்றேன்.

"அத்த மட்டும் நான் யாரையும் கேக்கறதில்ல. இங்க வர்ற ஜனத்துக்கு நோவாது. அதான் அவங்க கஷ்டமே."

மறுநாள் செருப்பு தயார். மேலே கறுப்பு ரப்பர் ஒன்று. கட்டைவிரலால் அழுத்தினேன், எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவும் மெதுவாக எழும்பி வந்தது. இப்படி ஒரு ரப்பரை நான் என் பட்டறையில் தொட்டதில்லை. அடியில் பழைய கார் டயர். தேய்மானத்தைப் பார்த்தேன், நேராக ஓடிய நல்ல டயர். ஓர் ஆணி கிடையாது. ஆணி மேலே வந்து குத்தினால் தெரியாத காலாயிற்றே. பெருவிரல் வளையம் இல்லை, பின்னால் குதிகாலுக்கு வார், முன்னால் கொக்கி வைத்த பட்டை. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டிருந்தார். "எறக்கத்துல காலு முன்னாடி தள்ளும், அதுக்கு எடம் வோணும்" என்றார்.

வேலை அதோடு முடிந்ததென்று நினைத்தேன். என்னை ஆஸ்பத்திரித் தோப்பைச் சுற்றி அரைமணி நேரம் நடக்க விட்டார். வந்ததும் செருப்பைக் கழற்றி, என் பாதத்தைத் தூக்கித் தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் விரல்களிலும் உணர்ச்சி இல்லை, அங்கேதான் சூடு தெரியுமாம். சுண்டுவிரல் அடியில் நிறுத்தினார். "இங்க சூடு கீது. ரெண்டு மைல்ல கொப்புளம்." பட்டையைத் தளர்த்தி, ரப்பரை இம்மியளவு சீவி, மறுபடி நடக்க விட்டார். இப்படி மூன்று தடவை. சீன மேஸ்திரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன், வெள்ளைக்காரன் பட்டறையிலும் நின்றிருக்கிறேன். யாரும் கேட்காமல் தன் வேலையைத் தானே மூன்று தடவை திருப்பிய மனிதரை அங்கேதான் கண்டேன்.

கிளம்பும்போது, "ரெண்டு மைலுக்கு ஒரு தரம் கழட்டி உங்க கையால தொட்டுப் பாருங்க. வெறுங்கால் மட்டும் வேணாம்" என்றார். பிறகு சொன்னார். "இன்னொண்ணு. இந்தச் செருப்பு இன்னா செருப்புன்னு இந்தப் பக்கத்துல கொழந்தைக்குக் கூடத் தெரியும். நீங்க பெரிய மனுசரு. யோசிச்சுக்கங்க."

அது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

மறுபடியும் செங்கல்பட்டிலிருந்து முதல் நாள் நடை, சுலைமான் சைக்கிளோடு கூடவே. ஏரிக்கரையைத் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்காரப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார். "பாய், அந்தாண்ட மரத்தாண்ட குந்துங்க. டம்ளர் ஆணில மாட்டிகினு கீது, எடுத்துக்கங்க." கடைக்கு வெளியே ஒரு தகர டம்ளர் தனியாகத் தொங்கியது.

சுலைமானுக்கு முகம் சிவந்தது. "ஆளத் தெரியாம பேசாதய்யா. மலாயாவுல மூணு லாரி வச்சிகினு கீறவரு."

"மூணு லாரி கீறவரு இன்னாத்துக்கு நடந்து வர்றாரு?"

நான் இரண்டு கையையும் நீட்டிப் பத்து விரலையும் காட்டினேன். "எனக்கு அது இல்லை. சர்க்கரை" என்றேன். பெஞ்சு கிடைத்தது, கண்ணாடி கிளாஸும் வந்தது. சர்க்கரை போடாத அந்த டீயைப் பாதியிலேயே கீழே வைத்தேன். ஒரு டீக்காகப் பாஸ்போர்ட் காட்டுகிற மாதிரி விரலைக் காட்டிவிட்டேன். முனிரத்தினம் வந்திருந்தால் எதைக் காட்டுவார்?

இருட்டுவதற்குள் திருக்கழுக்குன்றம் வந்து பள்ளிவாசலில் வழிப்போக்கர் தங்குகிற முசாபர் அறையில் படுத்தோம். காலைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

இரண்டாம் நாள் மாமல்லபுரத்துக்கு ஒன்பது மைல். மலைக்கோயிலில் மத்தியானம் கழுகு வருவதைப் பார்க்க அப்போதே ஜனம் படியேறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் கருவேல முள் ஏறி சுலைமானின் சைக்கிள் டயர் போனது. டயர் ராஜா நான், கையில் ஒரு பசைக் குழாய் இல்லை. அவர் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு மைலில் அவர் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. தார் ரோட்டில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வந்தார்.

கல்பாக்கத்தில் அணு மின்சாரக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அங்கே ஆள் ஏற்றிப் போகிற பஸ் ஒன்று சுலைமானைப் பார்த்து இரக்கப்பட்டு நின்றது. "ஏறு அண்ணாத்த, சைக்கிள மேல போட்டுக்கலாம்" என்றார் கண்டக்டர். பிறகு என் காலைப் பார்த்தார். போகலாம் என்று இரண்டு மணி அடித்தார். பஸ் போய்விட்டது.

"நீங்க தான் ஏறக் கூடாதுன்னு நேர்ந்துகினீங்க. நான் இன்னா நேர்ந்துகினேன்? உங்க செருப்பால எனக்கும் பஸ் போச்சே மச்சான்" என்றார். ரோட்டிலேயே இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த டீக்கடையில் நான் யாரையும் கேட்காமல் ஆணியிலிருந்த தகர டம்ளரை எடுத்து நீட்டினேன். டீ நன்றாகவே இருந்தது.

மாமல்லபுரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஒரு முழுப் பாறையை யானையாக்கியிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடற்கரைக் குடிசைக் கடையில் வறுத்த நெத்திலி சாப்பிட்டோம், எலும்போடு நொறுங்கியது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பெரிய பூட்ஸைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட வந்த பெண் இங்கிலீஷில் திட்டியது எனக்கு விளங்கியது. "காலையில் கடை திறந்ததும் ஓடிப்போய் வாங்கினாய். சாயங்காலம் போகலாம் என்று நான் சொன்னேனா இல்லையா?"

உலகம் முழுக்க முனிரத்தினங்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் வேண்டும் என்று கைவைத்துக் காட்டினேன். அவன் என் செருப்பைத் தொட்டுப் பார்த்து, அழுத்திப் பார்த்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான்.

"கடையில் கிடைக்காது, டாக்டர் சீட்டு வேண்டும்" என்றேன். எவ்வளவு உசத்தியான செருப்பு என்று அவன் வாயைப் பிளந்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலை பஜ்ரு தொழுததும் கிளம்பினோம். பன்னிரண்டு மைல், சவுக்குத் தோப்பும் மணலுமாக, ஒரு பக்கம் கடல் கூடவே வந்தது. சுலைமான் புதுச் செருப்பு வாங்கியிருந்தார், விரலுக்கு முன்னால் இடம் பார்த்துத்தான் வாங்கினார். ஒட்டுப் போட்ட சைக்கிளை மணலில் தள்ளினார். நுங்கு தின்றோம். பகல் பன்னிரண்டுக்குக் கோவளம் தர்காவின் வாசலில் நின்றேன். சொன்னபடி முழு வழியும் நடந்துவிட்டேன்.

செருப்பை வாசலில் விட வேண்டும். வாசலிலிருந்து நிழல் வரைக்கும் வெறும் மணல். பத்து அடி இருக்கும். சித்திரை வெயில் அதில் பளபளத்தது.

"பத்தடி தான மச்சான். ஓடிப் பூடலாம்" என்றார் சுலைமான்.

எனக்கும் அதுதான் ஆசை. குதிகால் வாரைக் கழற்றக் குனிந்துவிட்டேன். வெளிச் சுவரோரம், பூவரச மரத்தடியில் ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் காலிலும் என் செருப்பு. அதில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஓடாத பாய். அந்தப் பத்தடில தான் எனக்கு ரெண்டு வெரல் போச்சு. சூடே தெரில. சாயங்காலம் பாத்தா காலெல்லாம் கொப்புளம்."

நான் யாருக்காகவும் எங்கேயும் காத்திருந்து பழக்கமில்லாதவன். மகனுக்காக நேர்ந்தது பத்து அடியில் இருக்கிறது. வாரை மறுபடி மாட்டினேன். பெரியவர் தன் சாக்கை இழுத்து இடம் விட்டார். "குந்துங்க. அஸருக்கு நெழலு இங்க வரைக்கும் வந்துடும்."

உட்கார்ந்தேன். சுலைமான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு அவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார். மாமல்லபுரத்தில் கட்டிய தயிர்ச்சோறும் வறுத்த மீனும் எல்லாருக்கும் வந்தது. பெரியவர் பெயர் வேலு. என் செருப்பைத் திருப்பிப் பார்த்து, "முனிரத்தினம் கை வேல. வாரு தெச்சிருக்கறதுலயே தெரியுது" என்றார். பிறகு சாதாரணமாக, உறவுக்காரர் விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து?"

சுலைமான் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்காலை அழுத்தினேன்.

"போன மாசந்தான் தெரிஞ்சது" என்றேன்.

வேலு தலையாட்டினார். 

அஸர் பாங்கு சொன்னபோது மணல் முழுக்க நிழல். சுலைமான் முதலில் தன் உள்ளங்காலை வைத்துப் பார்த்து, வாங்க என்றார். உள்ளே போய் ஓதினேன். ஜமாலுக்காக ஓதி முடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. வேறு சிலருக்காகவும் ஓதினேன். அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கட்டும்.

வெளியே வந்து மரத்தடியில் செருப்பு மாட்ட உட்கார்ந்தேன். வேலு என் இரண்டு காலையும் தூக்கச் சொன்னார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, குதிகால், விரலிடுக்கு, பாதத்து ஓரம் எல்லாம் பார்த்தார்.

"பயப்படாதீங்க பாய். பாத்துப் பாத்து நடந்தா இன்னும் இருவது வருசம் நடக்கலாம்" என்றார்.

ஈப்போவில் எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் காலைக் காட்டியிருக்கிறேன். இருபது வருடம் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.